நர்ஸம்மா பதில்கள்: பாறை கிழித்த விரலுக்குத் தேன்

கேள்வி: நர்ஸம்மா, நான் பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிறவள். விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் கடலில் இறங்குகிறோம். ஆனாலும் பாறை கிழித்துவிடுகிறது. மாமியார் உடனே தேனைத் தடவுகிறார். எங்கள் ஊர் டீச்சரோ அது மூடநம்பிக்கை என்கிறார். நாலு மாதக் கைக்குழந்தை இருமினாலும் அதே தேன்தான். என்ன செய்ய?

பதில்: டீச்சர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எகிப்தில் கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடி, காயத்துக்கு முதல் நாள் பச்சை இறைச்சி, மறுநாள் முதல் கொழுப்பும் தேனும் வைத்துக் கட்டச் சொல்கிறது. (இறைச்சி விஷயம் மாமியார் காதுக்குப் போக வேண்டாம்.) சுசுருதரும் புண்ணுக்குத் தேனும் நெய்யும் சொன்னவர்தான்.

கருவாட்டுக்கு ஏன் உப்புப் போடுகிறோம்? ஈரத்தை இழுத்துவிட்டால் கிருமி வளராது. தேனில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை. உப்பு செய்வதை அது செய்கிறது. போதாததற்குப் புளிப்பும் உண்டு. புண்ணின் நீர் பட்டதும், தேனீ சேர்த்துவைத்த நொதி ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். ஆஸ்பத்திரியில் புண் கழுவும்போது நுரைக்குமே, அதேதான், ரொம்பச் சன்னமாக.

ஆனால் 2007-ல் அமெரிக்காவில் புண்கட்டுக்கு அனுமதி பெற்ற தேன், காமாக் கதிரால் கிருமி நீக்கியது. காய்ச்சினால் நொதி கெட்டுவிடும், அதனால்தான் கதிர். கருவேலங்காட்டில் பிழிந்த கொம்புத்தேனில் மெழுகும் தேனீக்காலும் தூசியும் கூடவே வரும்.

நான் வேலையில் இருந்தபோது ஒருவர் நாலு நாள் தேன் தடவிவிட்டு, கால் வீங்கி வந்தார். கீறிப் பார்த்தால் உள்ளே சிப்பித் துண்டு. தேன் மேல் தப்பில்லை. சிப்பியை யாரும் தேடவில்லை, அவ்வளவுதான். ஆகவே முதலில் நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள், துண்டு இருக்கிறதா பாருங்கள், டி.டி. ஊசி எப்போது போட்டது என்று யோசியுங்கள். சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. கடல் தண்ணீர்க் கிருமி சில சமயம் மளமளவென்று பரவும், சர்க்கரை நோய் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

குழந்தைக்குக் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். ஒரு வயது நிறையும் வரை ஒரு சொட்டுகூடக் கூடாது. தேனில் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கலாம். நம் குடல் அதை அடக்கிவிடும். பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கும். மலம் கட்டும், அழுகை மெலியும், பால் உறிஞ்சத் தெம்பிருக்காது, கழுத்து துவளும், கடைசியில் மூச்சுக்கே ஆபத்து. வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. இருமலுக்கு டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் பிறந்ததும் நாக்கில் சேனை தொட்டு வைத்தது தேனில்தான். பேரனுக்கு வைக்க நான் விடவில்லை. சம்பந்தியம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. உங்கள் மாமியாரும் கோபிக்கக்கூடும். அவருக்கு இருமல் வந்தால், சர்க்கரை நோய் இல்லையென்றால், ஒரு ஸ்பூன் தாராளமாகக் கொடுங்கள்.