-7 % 3: ஒரு மொழியில் 2, இன்னொன்றில் -1 ஏன்?

% என்பது வகுத்தலின் மீதியைத் தரும் செயற்குறி. பைத்தான் என்ற நிரல்மொழியில் 2 தரும் இக்கணக்கு சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நிரல்மொழிகளில் -1 தருவது பிழையா, இதை ஆவணத்தில் எப்படி விளக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பிழையன்று; வகுபடுஎண் = வகுஎண் × ஈவு + மீதி என்ற சமன்பாட்டை இரண்டு விடைகளுமே நிறைவு செய்கின்றன.

வேறுபாடு ஈவில் இருக்கிறது. -7ஐ 3ஆல் வகுத்தால் ஏறத்தாழ -2.33 கிடைக்கும், பைத்தான் அதை எண்கோட்டில் இடப்புறம் நகர்த்தி -3 என்று கொள்வதால் மீதி 2 ஆகிறது, சி மொழியோ 1999ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து பூஜ்ஜியத்தை நோக்கி நகர்த்தி -2 என்று கொள்வதால் மீதி -1 ஆகிறது. ஆகவே ஆவணத்தில் "கீழ்நோக்கி முழுமையாக்கும்" என்று எழுதுவது, தசமப் பகுதியை வெட்டிவிடுவதே கீழ்நோக்குதல் என்று நினைக்கும் வாசகரை ஏமாற்றிவிடும். "எதிர்ம முடிவிலியை நோக்கி" என்பது சற்றுக் கரடுமுரடாக ஒலித்தாலும் ஐயத்துக்கு இடம் வைக்காது.

இச்செயலுக்கு வழங்கும் "மாடுலோ" என்ற சொல்லும் முழுப் பாதுகாப்பு அன்று. கணிதத்தில் மீதி எதிர்மமாகாது என்பதே வழக்கம். ஆனால் பைத்தானில் 7 % -3 என்பது -2, ஏனெனில் அங்கு மீதி வகுஎண்ணின் குறியைப் (+ அல்லது -) பெறுகிறது. என் கருத்தில், அந்தக் குறி யாருடையது என்ற ஒரு வாக்கியமே ஆவணத்தில் முதலில் வரவேண்டும். ஒற்றைப்படையா என்று அறிய n % 2 == 1 என்று சி மொழியில் எழுதுபவர், -3 கொடுத்தால் மீதி -1 ஆவதால் "இல்லை" என்ற விடையைப் பெறுவார்.