ஈயச் சொம்பும் இரும்புச் சத்தும்

கேள்வி: நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஈயச் சொம்பில்தான் ரசம் வைக்கிறோம். நச்சு உலோகம் பெண்களின் உடலில்தான் அதிகம் சேரும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, காரைக்குடி

பதில்: எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது. அரிசி, கீரை வழியாகச் சிறிதளவு உள்ளே வரும் காட்மியம் என்ற நச்சு உலோகத்தைப் பொறுத்தவரை, நீங்கள் கேள்விப்பட்டது சரி. இரும்பை உறிஞ்சுவதற்காகக் குடலில் உள்ள அதே வாயில் காட்மியத்தையும் உள்ளே விட்டுவிடுகிறது. மாதவிடாயாலும் பிள்ளைப்பேற்றாலும் இரும்புச் சத்து குறைந்த பெண்ணின் உடல் அவ்வாயிலை இன்னும் அகலத் திறப்பதால், ஒரே பந்தியில் ஒரே சோற்றை உண்டாலும் அவருக்கே கூடுதலாகச் சேர்கிறது. சிறுநீரகத்தில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் வரை ஆகும். (புகைபிடிக்கும் ஆண்களுக்கு இதில் சலுகை இல்லை, புகையிலையிலும் காட்மியம் உண்டு.)

உங்கள் சொம்பு வேறு கதை. நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் (tin) ஆனது, அதனால் கேடில்லை. நச்சு உலோகமான காரீயம் (lead) கலந்திருந்தால்தான் புளிப்பு அதைக் கரைத்து ரசத்தில் சேர்க்கும். சொம்பின் விளிம்பை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். கரிய கோடு விழுந்தால் அதில் சமைக்காதீர்கள். கோடு விழாததை மட்டும் நம்பிவிடாமல், ஆய்வகத்திலும் கொடுத்துச் சோதியுங்கள்.

காரீயம் வெறும் வயிற்றில் பன்மடங்கு உறிஞ்சப்படும். சுண்ணாம்புச் சத்து குறைந்தவர்களுக்கு இன்னும் கூடும். எலும்பில் தங்கிய காரீயம், கர்ப்ப காலத்திலும் மாதவிடாய் நின்ற பின்னும் மீண்டும் இரத்தத்தில் கலக்கும் என்பதால், வீட்டில் உள்ளவர்கள் இரத்தப் பரிசோதனை செய்வதானால் முதலில் நீங்கள் செய்துகொள்ளுங்கள்.