இந்த 21 நாள் கணக்கு யார் சொன்னது?

கேள்வி: எனக்கு 24 வயது. கோவையில் ஐடி வேலை, மதியம் 2 மணி ஷிப்ட். இரவு வீடு வந்து சேரப் பதினொன்றரை ஆகிவிடும். என்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று காலை ஐந்து மணிக்கு எழுவது, தியானம், ஓட்டம், முப்பது பக்க வாசிப்பு, ஜர்னல், ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று ஆறு பழக்கங்களைக் கையில் எடுத்தேன். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். மூன்று தடவை தொடங்கியும் பத்து நாளைத் தாண்டவில்லை. பழக்கங்களைக் குறித்து வைக்கிற ஆப் மூன்று மாற்றிவிட்டேன், ஒன்றுக்கு ஆண்டுச் சந்தாவும் கட்டியிருக்கிறேன். எந்த ஆப் சரிப்படும்? இல்லை, எனக்கு மனவுறுதியே கிடையாதா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: மனவுறுதியை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதலில் கொஞ்சம் கூட்டல் கழித்தல். பதினொன்றரைக்கு வீடு, சாப்பிட்டுப் படுக்க எப்படியும் பன்னிரண்டரை. ஐந்து மணிக்கு எழுந்தால் தூக்கம் நாலரை மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நாலரை மணி நேரம் தூங்கிவிட்டு ஓடப் போகிறவர் யாராக இருந்தாலும் பத்தாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கத்தான் செய்வார். உடம்பு சரியான வேலையைத்தான் செய்திருக்கிறது, நீங்கள் அதைத் தோல்வி என்று குறித்து வைத்திருக்கிறீர்கள். அஞ்சு மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும் என்று ரீல்ஸில் பேசுகிறவர் முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்தார் என்று எப்போதாவது சொல்கிறாரா, கவனித்துப் பாருங்கள்.

அடுத்து அந்த 21. நியூயார்க்கில் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் இருந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடியில் தெரியும் புது முகம் ஒருவருக்குப் பழகக் குறைந்தது 21 நாள் போல ஆகிறது என்று 1960-ல் எழுதினார். 'குறைந்தது', 'போல' என்ற இரண்டையும் வழியில் யாரோ கழற்றிப் போட்டுவிட்டார்கள், முகம் பழகுகிற சமாச்சாரம் ஓட்டப் பயிற்சிக்கும் தியானத்துக்கும் பொதுவிதியாகிவிட்டது. (தினம் 10,000 அடி நடக்கச் சொல்கிறார்களே, அதுவும் இதே ரகம்தான். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்த எண் அது.)

பழக்கம் எப்படிப் படிகிறது என்று நிஜமாகவே அளந்து பார்த்தவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவும். 2009-ல் வெளியான ஆய்வு அது. 96 பேர், 84 நாள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். காலை டிபன் முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு பழம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேரம் ஓட்டம், இந்த மாதிரி. யோசிக்காமல் தானாகச் செய்கிற நிலைக்கு வர ஒருவருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. (ஆய்வே 84 நாள்தான், அதற்கு மேலே உள்ளது போக்கை வைத்துப் போட்ட கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) நடுவாந்தரமாக 66 நாள். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் வந்தது, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. உங்களுக்கு வேண்டிய செய்தி இனிமேல்தான்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவதில் சொல்லும்படி எந்தப் பாதிப்பும் இல்லை. உங்கள் ஆப் என்ன செய்கிறது? ஒரு நாள் விட்டால் எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. நீங்களும் அதை நம்பி மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குகிறீர்கள். பத்து நாள் செய்தது எங்கேயும் போய்விடவில்லை, ஆப்பின் திரையில்தான் காணாமல் போயிருக்கிறது.

கருவியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் இருபதுகளில் இருந்தபோது பதிமூன்று நற்குணங்களைப் பட்டியல் போட்டு, சின்ன நோட்டில் கட்டம் கிழித்து, தவறிய இடத்திலெல்லாம் கரும்புள்ளி வைத்தார். பதிமூன்று என்றாலும் வாரத்துக்கு ஒன்றின் மேல்தான் முழுக் கவனமும். புள்ளியைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையானதும் ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்தத் தகட்டுக்கு மாறினார். அவருக்கு நோட்டு ஓட்டையாகிற வரைக்கும் அதே நோட்டு போதுமாக இருந்தது. நீங்கள் பத்து நாளுக்கு ஒரு ஆப் மாற்றுகிறீர்கள். அவ்வளவு செய்தும் பொருள்களை அதனதன் இடத்தில் வைக்கிற ஒழுங்கு மட்டும் தனக்குக் கடைசிவரை வரவில்லை என்று பிராங்க்ளினே எழுதியிருக்கிறார்.

ஜர்னல் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் வணிகராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியபோது அவருக்கு 27 வயது, 1761 வரை எழுதினார். வந்த கப்பல், சரக்கு, இன்னார் இன்னது பேசினார், அவ்வளவுதான் தொடக்கம். 'இன்று நான் நன்றி சொல்லும் மூன்று விஷயங்கள்' என்று ஆப் கேட்கிற கேள்விக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து யோசித்தால் எரிச்சல்தான் வரும். அன்றைக்கு என்ன நடந்தது, என்ன செலவு என்று நாலு வரி எழுதுங்கள், முடியாவிட்டால் விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஆறு பழக்கமும் இருக்கின்றன, எது எதற்காக என்று ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரிந்து ஆறில் ஆபீஸில் உடனே கைகொடுக்கப் போவது ஆங்கிலம். அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு எழுந்திருங்கள், தப்பே இல்லை. காலைக் காபி டம்ளரைக் கீழே வைத்ததும் பத்து நிமிஷம் ஆங்கிலப் பேப்பரிலிருந்து ஒரு செய்தியை வாய்விட்டுப் படியுங்கள், அப்புறம் பேப்பரை மடித்துவிட்டு அதே செய்தியைச் சொந்த வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 'காலையில் செய்வேன்' என்று பொதுவாக வைத்தால் மதியம் ஷிப்டுக்குக் கிளம்புகிற வரை தள்ளிப்போகும், டம்ளரைக் கீழே வைப்பது தினமும் நடக்கிற காரியம் என்பதால்தான் அதோடு முடிச்சுப் போடச் சொல்கிறேன். செய்த நாளில் சுவர்க் காலண்டரில் ஒரு டிக். செய்யாத நாளைக் காலியாக விடுங்கள், சிவப்பு மையில் பெருக்கல் குறியெல்லாம் வேண்டாம். இரண்டு மூன்று மாதம் போகட்டும், ஓட்டத்தைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

அப்புறம் அந்த ஆண்டுச் சந்தா. ஆப்பை அழித்துவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பிளே ஸ்டோரில் சந்தாக்கள் என்ற பகுதிக்குள் போய் ரத்து செய்தால்தான் அடுத்த வருஷம் பணம் பிடிக்காமல் இருப்பார்கள்.