ஊட்டிக்குப் போனால்தான் நினைவுக்கு வரும் ஹீட்டர்

மார்கழி நெருங்கினால் ஏசி கேள்விகள் குறைந்து ஹீட்டர் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் சில.

எட்டு வருடப் பழைய பெட்ரோல் கார், கோவைக்குள்தான் ஓடுகிறது. ஊட்டி போனபோது குமிழைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பியும் வெதுவெதுப்பாகத்தான் காற்று வந்தது. டெம்பரேச்சர் முள்ளும் பாதிக்குக் கீழேயே நின்றது. ஹீட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

வேண்டாம். கோளாறு எங்கே என்று அந்த முள்ளே காட்டிவிட்டதே! காரின் ஹீட்டர் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. எஞ்சினைச் சுற்றி வந்து அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற சின்ன ரேடியேட்டர் ஒன்றின் வழியாகவும் ஓடும். அதன் மேல் புளோயர் காற்றை அடிக்கும். அவ்வளவுதான். எஞ்சின் 90 டிகிரியை ஒட்டிச் சூடாகாவிட்டால் உள்ளே வரும் காற்றும் சூடாகாது.

என் சந்தேகமெல்லாம் தெர்மோஸ்டாட் வால்வின் மேல்தான். எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை முன்னாலிருக்கும் பெரிய ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது அதன் வேலை. நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கார் ஒருமுறை ஓவர்ஹீட் ஆனால் போதும், "இந்த ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று அந்த வால்வைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். சமவெளியில் யாருக்கும் தெரியாது. எஞ்சின் சரியாகச் சூடாகாமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடித்துக்கொண்டு ஓடும். மலையேறும்போதுதான் குட்டு வெளிப்படும். இதை வைத்தியம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓவர்ஹீட் ஆனதற்கு அடைத்த ரேடியேட்டரோ ஓடாத ஃபேனோ காரணமாக இருந்திருக்கும், அது இன்னும் அப்படியே இருக்கும்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். நல்ல வால்வு என்றால் அந்த ஹோஸ் கொஞ்ச நேரம் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறது. புதிது வாங்கிப் போடுங்கள், பெரிய செலவில்லை.

கொடைக்கானலில் இருக்கிறேன். முள் சரியாக நடுவில் நிற்கிறது. காற்று மட்டும் ஜில்லென்று வருகிறது.

எஞ்சின் சூடாக இருக்கிறது, சூடு உள்ளே வந்து சேரவில்லை. எஞ்சின் அறையிலிருந்து டேஷ்போர்டுக்குள் நுழையும் இரண்டு மெல்லிய ஹோஸ்களைத் தேடுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் கார் நன்றாகச் சூடான பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள்.

இரண்டுமே சுட்டால் கூலன்ட் ஒழுங்காக ஓடுகிறது. காற்றைத் திருப்பிவிடும் ஃபிளாப் அசையவில்லை என்று அர்த்தம். பழைய கார்களில் அதன் கேபிள் கழன்றிருக்கும். புதிய கார்களில் சின்ன மோட்டார் கெட்டிருக்கும், குமிழைத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்டாலே அதுதான்.

ஒன்று சுட்டு மற்றது ஆறிக்கிடந்தால் ஹீட்டர் கோர் அடைத்திருக்கலாம். சில கார்களில் ஹீட்டருக்கென்று தனி வால்வு உண்டு, அது மூடியபடி நின்றுவிட்டாலும் இப்படித்தான் ஆகும். கோர் அடைப்புக்குப் பெரும்பாலும் நாம்தான் பொறுப்பு. கூலன்ட்டுக்குப் பதிலாக வருடக்கணக்கில் போர் தண்ணீரை ஊற்றினால் உப்பும் துருவும் அந்த நுண்ணிய குழாய்களில்தான் போய் உட்காரும். இரண்டு ஹோஸையும் கழற்றி, தண்ணீர் வெளியேறும் பக்கத்திலிருந்து குறைந்த அழுத்தத்தில் நீரைச் செலுத்திக் கழுவினால் பல நேரம் சரியாகிவிடும். வேகமாக அடித்தால் கோர் உடையும்.

கை மாறி வந்த கார் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். கோர் ஒழுகியதால், இரண்டு ஹோஸையும் ஒரு குழாய்த் துண்டால் இணைத்து ஹீட்டரையே ஒதுக்கிவிட்டு விற்றிருப்பார்கள். அப்படியானால் நீங்கள் என்ன திருகினாலும் சூடு வராது.

டொராண்டோ, ஸ்கார்பரோவிலிருந்து எழுதுகிறேன். ஓடும்போது சூடாக வருகிறது. சிக்னலில் நின்றால் குளிர்ந்துவிடுகிறது.

கூலன்ட் குறைந்திருக்கிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பம்ப் எப்படியோ தள்ளிவிடுகிறது, ஐடிலில் முடியவில்லை. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். காரின் முன்பக்கம் உயரமாக இருக்கும்படி நிறுத்தி, கூலன்ட்டை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டால் குமிழிகளாகக் காற்று வெளியேறும். குமிழிகள் நிற்கவே இல்லை, புகைக்குழாயிலும் விடாமல் வெள்ளைப் புகை வருகிறது என்றால் எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் வெறும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். உறைந்தால் எஞ்சின் பிளாக்கே வெடிக்கும். பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் கூலன்ட் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரிவரை தாங்கும்.

புளோயர் நான்காம் எண்ணில் மட்டும் ஓடுகிறது.

குறைந்த வேகங்களைத் தரும் புளோயர் ரெசிஸ்டர் போய்விட்டது. மாற்றினால் தீர்ந்தது.

ஹீட்டரைப் போட்டால் இனிப்பான ஒரு வாடை, கண்ணாடியில் பிசுக்குப் படலம். கால்மிதியும் ஈரம்.

ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. ஏசி தண்ணீர் என்றால் வாடையும் இருக்காது, கையில் ஒட்டவும் ஒட்டாது. தள்ளிப்போடாதீர்கள், கூலன்ட் குறைந்துகொண்டே போய் மலைப்பாதையில் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். அந்தத் திரவம் விஷம். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், குழந்தைகளும் வாயில் வைக்கலாம், சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். கோர் மாற்றப் பல கார்களில் டேஷ்போர்டையே இறக்க வேண்டும், கூலிதான் அதிகம். ஒழுகல் இல்லாமல் கண்ணாடியில் வெறும் ஆவி மட்டும் படிந்தால், ஹீட்டரோடு ஏசியையும் போட்டு வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும்.

டீசல் கார். ஊட்டியிலிருந்து இறங்கும்போது மட்டும் ஹீட்டர் ஆறுகிறது.

கோளாறில்லை. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே இறங்கும்போது எஞ்சினுக்கு டீசலே போவதில்லை, பிறகு சூடு எங்கிருந்து வரும்? இதற்காக நியூட்ரலில் இறங்கிவிடாதீர்கள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

அறை கிடைக்காவிட்டால் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காரிலேயே தூங்கலாமா?

கூடாது. எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினால் புகைக்குழாயில் சின்ன ஓட்டை இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய ஷெட்டுக்குள் என்றால் ஓட்டைகூடத் தேவையில்லை. எஞ்சினை அணைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, கம்பளி போர்த்திப் படுங்கள்.