ஃபிரிட்ஜில் பத்து வாரம் வைத்தும் என் ஹயசிந்த் பூக்கவில்லையே, எங்கே தவறு?

உங்கள் கேள்வியைப் படித்ததும் நான் கேட்க நினைத்தது ஒன்றுதான்: அதே ஃபிரிட்ஜில் ஆப்பிள் இருந்ததா?

ஹயசிந்த் என்பது குளிர்காலம் கழிந்து வசந்தத்தில் பூக்கும் வாசனைக் கிழங்குச் செடி, அந்தக் குளிரைத்தான் நாம் ஃபிரிட்ஜில் கொடுக்கிறோம். ஆறு கிழங்கு வாங்கி, பத்து வாரம் குளிரில் வைத்து, வெளியே எடுத்து நட்டதும் இலை வந்தது, பூ வரவில்லை, இலைகளுக்கு நடுவே பழுப்பாக ஏதோ சுருங்கிக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பழத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இருந்திருக்கும் என்றே வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். ஏனென்றால் எனக்கும் அச்சு அசலாக இதேதான் நடந்தது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் எட்டுக் கிழங்கு வாங்கினேன். நான்கு நீல நிற 'டெல்ஃப்ட் ப்ளூ', நான்கு வெள்ளை 'கார்னகி'. ஒவ்வொன்றும் கைக்கு அடக்கமாக, கனமாக இருந்தது. நீலப் பூ பூக்கும் கிழங்கின் மேல்தோல் ஊதா கலந்த நிறம், வெள்ளையின் தோல் வெளிறிய நிறம். அதைப் பார்த்துப் பார்த்தே ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறி டப்பாவில் வைத்தேன். அதே டப்பாவில் ஆப்பிளும் பேரிக்காயும் இருந்தன. பன்னிரண்டு வாரம் நாட்காட்டியில் குறித்துக் காத்திருந்தேன். எட்டிலும் இலை வந்தது. ஒன்றில்கூடப் பூ வரவில்லை.

விற்றவர்களிடம் கேட்டேன். "தண்ணீர் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அது எனக்கு ஆறவே இல்லை. தினமும் விரலை விட்டு மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றியவள் நான். ஒரு கிழங்கை எடுத்துக் கத்தியால் நெடுக்காக இரண்டாக வெட்டினேன். வெங்காயம் போலவே அடுக்கடுக்காக வெள்ளைச் சதை, உறுதியாக, அழுகலே இல்லாமல். நட்ட நடுவில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பூங்கொத்து. ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாகத் தெரிந்தது, எண்ணிவிடலாம் போல. அத்தனையும் பழுப்பேறி, தொட்டதும் தூளாக உதிர்ந்தது. தண்ணீர் அதிகமாகியிருந்தால் கிழங்கு அல்லவா அழுகியிருக்க வேண்டும்?

அப்புறம்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஹயசிந்த் கிழங்கை நாம் வாங்கும்போதே அடுத்த வசந்தத்தின் பூ உள்ளே உருவாகி முடிந்திருக்கும். போன பருவத்தில் இலை சேர்த்து வைத்த சத்தைக் கொண்டு, கோடையின் வெப்பத்தில் கிழங்கு அதை உள்ளுக்குள்ளேயே செய்து வைத்துவிடுகிறது. நாம் பூவை உண்டாக்குவதில்லை, இருக்கிற பூவைக் கெடுக்காமல் வெளியே கொண்டுவருகிறோம். பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது, ஆப்பிளும் பேரிக்காயும் தாராளமாகவே விடும். மூடிய பெட்டிக்குள் அந்த வாயு வாரக்கணக்கில் சேர்ந்தால் உள்ளே இருக்கும் மொட்டு கருகிவிடும். கிழங்குக்கு வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. இலையும் ஒழுங்காக வரும். அதனால்தான் எல்லோரும் தண்ணீரைக் குற்றம் சொல்கிறார்கள்.

"நான் ஆப்பிளோடுதான் வைத்தேன், எனக்குப் பூத்ததே" என்று கீழே யாராவது எழுதுவீர்கள் என்று தெரியும். பூத்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. பழம் எவ்வளவு இருந்தது, எந்த அளவு கனிந்திருந்தது, கதவு எத்தனை முறை திறந்தது என்பதைப் பொறுத்தது அது. ஆனால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டிய ஒரு காரியத்தில் அந்தப் பந்தயம் எதற்கு?

சரி, பழத்தை வெளியே எடுத்துவிட்டேன், இரண்டாவது வருடமாவது பூத்ததா என்றால், அதையும் கெடுத்துக்கொண்டேன். ஏழாவது வாரமே நுனியில் முளை எட்டிப் பார்த்தது. தயாராகிவிட்டது என்று நினைத்து வெளியே எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். பூ வந்தது. ஆனால் தண்டே இல்லாமல், இலைகளின் இடுக்கில், கழுத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டு விரிந்தது. வாசத்துக்குக் குறையில்லை, ஆனால் இலைகளை விலக்கி மூக்கை உள்ளே நுழைத்தால்தான் கிடைக்கும். குளிர் எதற்கு என்று எனக்குப் புரிந்தது அன்றுதான். மொட்டு ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தூக்கி நிறுத்துகிற தண்டு நீள்வதற்குத்தான் அந்தக் குளிர். 4 முதல் 9 டிகிரி செல்சியஸ் வரை, சாதாரண ஹயசிந்த் என்றால் 12 முதல் 14 வாரம். சீக்கிரம் பூக்கட்டும் என்று முன்கூட்டியே வெப்பநிலையை மாற்றிப் பக்குவப்படுத்திய கிழங்குகள் தனியாக விற்கிறார்கள், அவற்றுக்குக்கூட 10 வாரம் போல வேண்டும். உங்கள் கிழங்கு எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. சாதாரண வகை என்றால் பத்து வாரமே குறைவு. ஆனால் உங்களுக்குப் பழுப்பாகச் சுருங்கியிருக்கிறதே, அதனால்தான் முதலில் பழத்தைக் கேட்டேன். குளிர் மட்டும் குறைந்திருந்தால் பூ குட்டையாக வந்திருக்கும், கருகியிருக்காது.

முளையைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்றுதான் யாரிடமும் சொல்வேன். வாரத்தை எண்ணுங்கள். தொட்டியில் நட்டுக் குளிரில் வைத்திருந்தால் அடித்துளை வழியாக வெள்ளை வேர் தெரிகிறதா என்று பாருங்கள். முளை நான்கு, ஐந்து சென்டிமீட்டர் உயரம் வந்த பிறகு வெளியே எடுக்கலாம். வெறும் கிழங்காக வைப்பதானால் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பை ஈரத்தைப் பிடித்துப் பூசணம் பிடிக்க வைக்கும். ஃபிரிட்ஜின் பின்சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், அங்கே உறைந்துபோக வாய்ப்புண்டு.

மூன்றாவது வருடம் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். பழமில்லாத தட்டில் தனியாக ஒரு பையில் வைத்திருந்தேன். என் மாமியார் வெங்காயம் என்று நினைத்து ஒரு கிழங்கை எடுத்து உரித்திருக்கிறார். நல்லவேளையாக வாசனை வேறு மாதிரி இருக்கிறதே என்று நிறுத்திவிட்டார். ஆனால் அதற்குள் கை முழுக்க, மணிக்கட்டு வரை சிவந்து தடித்துவிட்டது. "கை எரியுதும்மா" என்று அத்தை கையை நீட்டியபோது எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. ஹயசிந்த் கிழங்கின் தோலில் ஊசி போன்ற நுண்ணிய கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. அவை தோலில் குத்தித்தான் அந்த அரிப்பு. குழாயடியில் நிறைய நேரம் கையைக் கழுவவைத்தேன், சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. சமையலில் போயிருந்தால்? ஹயசிந்த், அதைப் போலவே கிழங்கிலிருந்து பூக்கும் நார்சிசஸ், இரண்டுமே தின்றால் நஞ்சு. தவறு முழுக்க என்னுடையது. பையின் மேல் ஒரு வரி எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இப்போது பெரிய எழுத்தில் 'பூக்கிழங்கு, சமைக்கக் கூடாது' என்று எழுதுகிறேன். தொடும்போது கையுறை போடுகிறேன். வீட்டில் குழந்தையோ நாயோ பூனையோ இருந்தால் நீங்களும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அன்று மாலை வீட்டில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "சாப்பிடுகிற பொருள் வைக்கிற இடத்தில் இதையெல்லாம் ஏன் வைக்கிறாய்?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அதே ஃபிரிட்ஜில் அவருடைய கேமரா ஃபிலிம் சுருள்கள் ஒரு தட்டு முழுக்க வருடக்கணக்காக இருக்கின்றன. அதை யாரும் கேட்டதில்லை. ஃபிரிட்ஜைத் துடைப்பது நான், எது எங்கே இருக்கிறது என்று சொல்வது நான், ஆனால் இது என் தட்டு என்று சொல்ல ஒன்று கிடையாது. பூச்செடி பற்றிய கேள்விக்கு இது பதிலில்லை என்று தெரியும். என்றாலும் இதை எழுதாமல் அந்த வருடத்தைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை. நான்காவது வருடம் என் சம்பளத்தில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்கினேன். அதில் கிழங்கைத் தவிர எதுவும் கிடையாது. ஆடம்பரம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

அந்த வருடம்தான் ஒழுங்காகப் பூத்தது. ஐந்து கிழங்கை மண்ணிலும், மூன்றை இடுப்பு ஒடுங்கிய கண்ணாடிக் குவளையிலும் வைத்தேன். குவளையில் தண்ணீர் கிழங்கின் அடியைத் தொடக் கூடாது, ஒரு நூலிழை இடைவெளி வேண்டும். தொட்டால் அடி அழுகும். வேர் தண்ணீரைத் தேடித் தானே இறங்கும். ஒவ்வொன்றும் வெள்ளை நூல் மாதிரி, நேராக, ஒன்றோடொன்று சிக்காமல் இறங்கி, குவளையின் அடியைத் தொட்டதும் வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும். பூ வருவதற்கு முன்னால் அதைப் பார்த்தே எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

குளிரிலிருந்து எடுத்ததும் நேராக வெயில் ஜன்னலுக்குக் கொண்டுபோகக் கூடாது. முளை வெளிறி மஞ்சளாக இருக்கும். 10 முதல் 15 டிகிரி உள்ள மங்கலான ஒரு இடத்தில் ஒரு வாரம், பத்து நாள் இருக்கட்டும். பச்சை ஏறியதும் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். ஹீட்டர் பக்கம் வேண்டவே வேண்டாம். அறை எவ்வளவு குளுமையாக இருக்கிறதோ அவ்வளவு நாள் பூ நிற்கும். நான் ராத்திரியில் வீட்டிலேயே குளுமையான மூலைக்குத் தூக்கிக்கொண்டு போய் வைப்பேன். சின்ன அறைக்கு ஒரு கிழங்கே போதும். மூன்றையும் படுக்கையறையில் வைத்துவிட்டு ஒரு ராத்திரி தலைவலியோடு எழுந்தேன்.

இவ்வளவு காத்திருக்க முடியாது என்றால் பேப்பர்வைட் என்ற நார்சிசஸ் வகையை வாங்குங்கள். அதற்குக் குளிரே வேண்டாம். கூழாங்கல்லில் நிறுத்தித் தண்ணீர் காட்டினால் நான்கு முதல் ஆறு வாரத்தில் பூத்துவிடும். ஆனால் அதன் வாசம் எல்லோருக்கும் பிடிக்காது, முன்பே சொல்லிவிடுகிறேன். அதில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. மல்லிகையிலும் அது உண்டு. சிலருக்கு அது தேனாக மணக்கும், சிலருக்குச் சாணமாக நாறும். எனக்குத் தேன். அலுவலகத்தில் என் மேசையில் ஒரு தொட்டி வைத்திருந்தேன். மறுநாள் அது கழிப்பறைக்குப் போகிற வழியில் தரையில் கிடந்தது. பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் நானே எடுத்திருப்பேன்.

பேப்பர்வைட் நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும், பலரும் குச்சி கட்டுவார்கள். அதற்கு ஒரு வழியை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். முளை சில சென்டிமீட்டர் வந்து வேர் பிடித்ததும் வெறும் தண்ணீருக்குப் பதிலாக 4 முதல் 6 சதவீத ஆல்கஹால் கலந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். செடி மூன்றில் ஒரு பங்கு, சிலசமயம் பாதி உயரம் குறைகிறது, பூ மட்டும் அதே அளவில் வருகிறது. 40 சதவீத வோட்கா ஒரு பங்குக்குத் தண்ணீர் ஏழு பங்கு சேர்த்தால் 5 சதவீதம். பீரும் ஒயினும் உதவாது, அவற்றில் சர்க்கரை இருக்கிறது. நான் இரண்டு முறை செய்து பார்த்தேன், குச்சியே தேவைப்படவில்லை.

இப்போது உங்கள் கையில் இருக்கும் ஆறு கிழங்குக்கு வருகிறேன். அவற்றைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். கருகிய மொட்டு கருகியதுதான், எவ்வளவு குளிர் கொடுத்தாலும் மீளாது. புதிய மொட்டு வேண்டுமென்றால் இந்த இலைகள் வெயிலில் நின்று கிழங்குக்குச் சத்துச் சேர்க்க வேண்டும். மண்ணில்தான் நட்டிருக்கிறீர்கள் என்றால் இலையை வெட்டாமல், தானாக மஞ்சளாகும் வரை தண்ணீர் காட்டுங்கள். குளிர்காலம் நன்றாகக் குளிரும் இடத்தில் தோட்டம் இருந்தால் அங்கே இறக்கி நட்டுவிடுங்கள், ஓரிரு வருடத்தில் பூக்கக்கூடும். பூங்கொத்து முன்பைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். வெறும் தண்ணீரில் வைத்ததென்றால் கிழங்கு வற்றிப்போயிருக்கும், எருக்குழியில் போட்டுவிடலாம்.

போடுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் கையுறை போட்டுக்கொண்டு நெடுக்காக வெட்டிப் பாருங்கள். சதை உறுதியாக இருந்து நடுவில் மட்டும் பழுப்பாக இருந்தால், தண்ணீர் மேல் பழி போடுபவர்களுக்கு அந்தப் படத்தை அனுப்பிவிடுங்கள்.