கண்ணாடி டைல்ஸ் கழன்று விழுந்தால் யாரைப் பிடிப்பது?

மாரி மழைக்கு முன் வீட்டு வேலையை முடிக்கிற அவசரம் எல்லோருக்கும். இம்முறை வந்த கடிதங்கள் முக்கால்வாசியும் கண்ணாடி டைல்ஸ் பற்றியவை. சுருக்கித் தருகிறேன்.

குளியலறைச் சுவருக்குக் கண்ணாடி மொசாயிக் வாங்கி ஒட்டி இரண்டு மாதம். காக்கா (அண்ணன்) கட்டாரிலிருந்து அனுப்பிய காசு. ஷவருக்குக் கீழே ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது. கடைக்காரர் மேசனின் பிழை என்கிறார், மேசன் டைல்ஸின் பிழை என்கிறார். யாரைப் பிடிப்பது?
— ஒரு சகோதரி, காத்தான்குடி

தங்கச்சி, விழுந்த துண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தால் அது சுவரில் ஒட்டவே இல்லை. மேசன் வெறும் சீமெந்துக் குழம்பு பூசியிருப்பார். களிமண் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சும், சீமெந்து அதன் நுண்துளைகளுக்குள் போய் இறுகும். கண்ணாடி உறிஞ்சாது. அதற்குப் பொலிமர் கலந்த, கண்ணாடிக்கு ஏற்றது என்று பையிலேயே எழுதியிருக்கும் வெள்ளை டைல் மோட்டார், அதாவது ஒட்டுகிற சாந்து, வேண்டும். மாறாக, மோட்டாரும், மொசாயிக் துண்டுகளைப் பின்னால் சேர்த்துப் பிடிக்கும் வலையும் சுவரிலேயே நிற்க, கண்ணாடி மட்டும் வலையை விட்டுக் கழன்றிருந்தால், ஈரத்தில் இளகுகிற பசையால் வலையில் ஒட்டிய சரக்கு. அது கடையின் பொறுப்பு.

ஆனால் முதல் வகையிலும் கடைக்காரரை நான் சும்மா விடமாட்டேன். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறவர், இதை எதை வைத்து ஒட்டப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. பெட்டியில் இருக்கிற குறிப்பு தமிழில் இல்லை. மேசன் பாவம், வருடக்கணக்காகக் களிமண் டைல்ஸ் ஒட்டிய கை. கண்ணாடி வேறு சாதி என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடைசியில் வெளிநாட்டில் வெயிலில் நின்று உழைத்த ஒருவரின் காசு குளியலறைத் தரையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. டைல்ஸை விற்கிறவர் அதற்குரிய மோட்டாரையும் சொல்ல வேண்டும், அதைப் பில்லில் எழுதவும் வேண்டும். ‘டைல்ஸ்’ என்று ஒரு சொல்லும் ஒரு தொகையும் கிறுக்கிய துண்டுத்தாளை நான் பில்லாகவே மதிப்பதில்லை.

இப்போது செய்ய வேண்டியது: எதையும் கழற்ற முன் படம் எடுங்கள். விழுந்த துண்டுகள், வெற்றுப் பெட்டி, பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். உங்களிடம் இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. முதலில் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கதையுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாமல் கடிதத்தையும் கொடுங்கள்.

கடற்கரைக்குப் பக்கத்து வீடு. முன் விறாந்தைத் தரைக்குக் கண்ணாடி டைல்ஸ் போடலாமா?
— கல்லடி வாசகர்

வேண்டாம். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கல்லின் கடினம், எது எதைக் கீறும் என்று காட்டும் மோஸ் அளவில் 7, சாதாரணக் கண்ணாடி ஐந்தரை அளவில். செருப்பில் வரும் மணலே கீறிவிடும். மழை நனைந்தால் வழுக்கும், வீட்டில் வயதான அம்மா வேறு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடியைச் சுவரில் வையுங்கள். தரைக்குச் சொரசொரப்பான போர்சலின் எடுங்கள்.

ஒட்டிய மறுநாளே குரௌட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவை) போடலாம் என்கிறார் மேசன். சரியா?
— அக்கரைப்பற்று

சரியில்லை. கண்ணாடி வழியே ஈரம் வெளியேறாது, இடுக்கு வழியாகத்தான் காய வேண்டும். பையில் போட்டிருக்கும் நாள் முடியட்டும். மழை நாளில் இன்னும் பொறுங்கள்.

குசினிச் சுவரில் வெளிர்நிறக் கண்ணாடி டைல்ஸ். உள்ளே சாம்பல் நிறக் கோடுகள் தெரிகின்றன. துடைத்தும் போகவில்லை.
— ஆரையம்பதி

போகாது. அது அழுக்கில்லை, மேசன் மோட்டார் இழுக்கிற பல் கரண்டியின் தடம். என் குசினியிலும் இதே கோடுகள் இருக்கின்றன. வெளிர்நீலம் கேட்டு வாங்கினேன், எந்தச் சீமெந்தும் போதும் என்றுதான் அந்தக் கடையில் சொன்னார்கள். விலையோ சாதாரண டைல்ஸைவிடப் பல மடங்கு. கழற்றாமல் சரிசெய்ய வழியில்லை. இனி ஒட்டப் போகிறவர்கள் கவனிக்க: ஒளி ஊடுருவும் கண்ணாடிக்கு வெள்ளை மோட்டார், பல் கரண்டியால் இழுத்த பிறகு கரண்டியின் தட்டைப் பக்கத்தால் வரிகளை அமர்த்திவிட வேண்டும். வெற்றிடம் விட்டால் அதுவும் தெரியும்.

முகநூலில் பார்த்து முழுக் காசும் வங்கியில் போட்டேன். வந்தது வேறு நிறம். பில் தரவில்லை. அழைத்தால் எடுப்பதில்லை.
— வாழைச்சேனை

மாதிரித் துண்டு பார்க்கவில்லை, கடை எங்கே என்று கேட்கவில்லை, பில்லும் கேட்கவில்லை. தம்பி, இதை எத்தனை தடவை எழுதுவது? கேட்டால் திகதி, அளவு, விலை போட்டுப் பற்றுச்சீட்டு தர வேண்டியது விற்கிறவரின் சட்டக் கடமை. நீங்கள் கேட்கவே இல்லையே. ஏமாற்றியவர் ஏமாற்றியவர்தான், அதில் மாற்றமில்லை. வங்கிச் சீட்டையும் நீங்கள் பரிமாறிய செய்திகளையும் எடுத்துக்கொண்டு முறையிடுங்கள். ஒட்ட மட்டும் தொடங்கிவிடாதீர்கள், ஒட்டிய சரக்கைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

கிணற்றுத் தண்ணீரால் வெள்ளை படிகிறது. அசிட் ஊற்றலாமா?
— களுவாஞ்சிகுடி

கழிப்பறை அசிட் கண்ணாடியை ஒன்றும் செய்யாது, குரௌட்டைத் தின்றுவிடும். படிந்திருப்பது சுண்ணாம்பு. வினாகிரியில் தண்ணீர் கலந்து துணியால் துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். குளித்து முடிந்ததும் சுவரைத் துடைத்துவிட்டால் இவ்வளவு படியாது.

மேற்குப் பார்த்த வெளிச்சுவரில் கருநீலக் கண்ணாடி டைல்ஸ் ஒட்டினால் தாங்குமா?
— திருக்கோவில்

ஒட்டுகிற முறையில் இருக்கிறது. பின்னேர வெயிலில் கரு நிறம் கூடச் சூடாகும், கண்ணாடியும் களிமண் டைல்ஸைவிடக் கூட விரியும். விரிய இடம் இல்லாவிட்டால் வெடிக்கும், அல்லது உப்பிக் கழலும். மூலைகளிலும் வேறு பொருளோடு சேரும் இடங்களிலும் குரௌட்டுக்குப் பதில் ரப்பர்போல் நெகிழும் சிலிக்கன் போடச் சொல்லுங்கள், நீளச் சுவரென்றால் நடுவிலும் அப்படி ஓர் இடுக்கு விடவேண்டும். புதுப் பூச்சு என்றால் ஒரு மாதம் காயட்டும். வெளிச்சுவருக்கு ஏற்றது என்று பெட்டியில் இல்லாவிட்டால் அந்தச் சரக்கை வாங்க வேண்டாம்.