கொடைக்கானலில் கோல்ஃப்: சென்னைக் கணக்கு அங்கே செல்லாது

கேள்வி: சென்னையில் சில வருடங்களாக கோல்ஃப் ஆடி வருகிறேன். கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர் அல்லாதவர்கள் ஆடலாமா? எப்போது போவது நல்லது? ஆட்டத்தில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பதில்: தாராளமாக ஆடலாம். 1895-இல் தொடங்கிய கிளப் அது. 18 குழிகள் உண்டு. விருந்தினர்கள் கிரீன் ஃபீ (ஆட்டக் கட்டணம்) கட்டி ஆடலாம். ஆனால் போட்டி நாட்களில் இடம் கிடைக்காது என்பதால், கிளம்பும் முன் போன் செய்து கட்டணம், கேடி (மட்டைப் பையைத் தூக்கி வரும் உதவியாளர்), தங்கும் அறை எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். வாடகை மட்டை செட்டை நம்பாமல் உங்கள் செட்டையே எடுத்துப் போங்கள். பழகிய மட்டை கையில் இருந்தால்தான் அங்கே தூரம் எப்படி மாறுகிறது என்பது பிடிபடும்.

அந்தத் தூரம்தான் முக்கியமான விஷயம். மைதானம் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் பந்து கூடுதலாகப் பறக்கும். சென்னையில் 150 கஜம் போகும் அடி அங்கே 160-ஐத் தாண்டலாம். செவன் அயர்ன் எடுக்கும் இடத்தில் எய்ட் அயர்ன் (அதைவிடக் குறைந்த தூரம் அடிக்கும் மட்டை) எடுத்துப் பாருங்கள். அதிகாலைக் குளிரில் இந்த லாபம் கொஞ்சம் குறையும்.

அப்புறம் சரிவு. சமதளமாக நின்று அடிக்கும் வாய்ப்பு மலையில் அடிக்கடி வாய்க்காது. வலது கைக்காரருக்கு, பந்து பாதத்தைவிட மேட்டில் இருந்தால் அது இடப்பக்கம் இழுக்கும். மட்டையைச் சற்றுக் கீழே பிடித்து, குறிக்கு வலப்புறம் பார்த்து, முக்கால் வேகத்தில் அடியுங்கள். பலத்தைக் காட்டினால் கால் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம். பழக்கமில்லாதவர்கள் முதல் நாள் ஒன்பது குழியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது; ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

காட்டுமாடுகள் மைதானத்துக்குள் வரும். பக்கத்தில் போகவே கூடாது, போட்டோவுக்காகக்கூட. பந்து அதன் அருகே கிடந்தால் கோல்ஃப் விதி 16.2 துணைக்கு வரும்: ஆபத்தான விலங்கு இருக்கும் இடத்திலிருந்து அபராதம் இல்லாமல் விலகி ஆடலாம். கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) குளம்புத் தடம் விழுந்திருந்தால் சரிசெய்துவிட்டு பட் செய்யலாம், அதாவது பந்தைக் குழியை நோக்கி உருட்டலாம். ஃபேர்வேயில் (கிரீன் வரை போகும் புல்வெளி) அந்தச் சலுகை கிடையாது. தடத்துக்குள் பந்து நின்றாலும் அப்படியே ஆட வேண்டியதுதான்.

மாதம் என்றால், ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை என்பேன். அக்டோபர், நவம்பரில் மழை வலுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வானிலை அருமைதான், ஆனால் மலைப்பாதை நெரிசலில் பாதி நாள் போய்விடும். எந்த மாதமானாலும் காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் கொடியே தெரியாது.

காரில் போவதானால் இ-பாஸ் (வாகனத்துக்கு இணையத்தில் எடுக்கும் அனுமதி) எடுக்க மறக்காதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது.